மெயின் சுவிட்ச்

இனியாவின் கம்ப்யூட்டருக்கும் ஜோதியம்மாளின் கிரைண்டருக்கும் அந்த வீட்டில் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. கல் சுற்ற ஆரம்பித்தால் குழல் விளக்கு மங்கும், மின்விசிறி முனகும், கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்து தானாக மறுபடி எழுந்திருக்கும். ஆறு வருஷமாக இனியா இதைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். பொறுமை அவள் கூடப் பிறந்ததல்ல. சோறு போடுவது கிரைண்டர் என்பதால் வந்த பொறுமை அது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய சந்தில் இரண்டு அறையும், தகரம் போட்ட முன்பக்கமுமாக ஒரு வீடு. ஜோதியம்மாள் ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளுக்கும் சின்ன ஓட்டல்களுக்கும் இட்லி மாவு ஆட்டிக் கொடுக்கிறாள். அவள் புருஷன் அருணகிரி பெங்களூரில் ஒரு பேக்கரியில் மாஸ்டர். கார்த்திகை தீபத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வராமல் போவது இது மூன்றாவது வருஷம். மகன் கலையரசன் இருபத்தெட்டு வயது, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மகள் இனியாவுக்கு இருபத்து நாலு. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

கம்ப்யூட்டர் வந்த கதை தனி. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் பிரவுசிங் சென்டர் ஒன்றில் இனியா முதலில் வேலை பார்த்தாள். கொரோனாவில் அது மூடியபோது, இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்த அன்று கலையரசன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்கடைல போட்டாகூட நூறு ரூபா வராது" என்று சிரித்தான். அதே வருஷம் அவனுக்குத் தவணையில் வண்டி வந்தது. அதை யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

அந்த இரும்பில்தான் இனியா விளையாடக் கற்றுக்கொண்டாள். ஆன்லைனில் ஐந்து பேர் ஐந்து பேராக மோதும் துப்பாக்கி விளையாட்டு. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை பில் மிஷின் முன்னால் நின்று, சேலை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சிரித்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்து நாலு பேரைச் சுட்டால்தான் தூக்கம் வந்தது. அவள் நன்றாகச் சுட்டாள். கீழ்பென்னாத்தூரில் தென்றல் என்கிற பெண் அவளைத் தேடிப் பிடித்துத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு நன்றாகச் சுட்டாள். ஐந்தும் பெண்பிள்ளைகள். மாநில அளவில் பெண்கள் போட்டி ஒன்று வந்தது. இரண்டு சுற்று ஜெயித்துவிட்டார்கள். மூன்றாவது சுற்று தீபத்துக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு. அதில் ஜெயித்தால் சென்னை. ரயில் டிக்கெட், தங்க இடம், மேடை, எல்லாம் அவர்கள் செலவு. ஊரில் யாரும் தன்னைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டதாக இனியாவுக்கு ஞாபகமில்லை. இதில் கூப்பிடுவார்கள்.

ஆனால் எதிரி சுவரோரம் தலை நீட்டுவது மற்ற நாலு பேருக்கும் தெரிந்து அரை நொடி கழித்துத்தான் இனியாவின் திரையில் தெரியும். அந்த அரை நொடியில் அவள் செத்திருப்பாள். இரண்டாவது சுற்று முடிந்ததும் தென்றல் போனில் சொன்னாள்.

"ஏய், நான் உன்ன தப்பா சொல்லல. உன் கைல தப்பு இல்ல. உன் சிஸ்டம் இழுக்குது. அடுத்த ரவுண்டுல இப்டி இழுத்துக்கினு இருந்தா நம்ம நாறிடுவோம். ஏதாச்சும் பண்ணுடி. இல்லாங்காட்டி நான் வேற ஆளத்தான் பாக்கணும், கோச்சுக்காத."

இனியா கோபித்துக்கொண்டாள். பிறகு தீபாவளி போனஸை எடுத்துக்கொண்டு சாகில் கடைக்குப் போனாள்.

சாகில் டவுனில் பழைய கம்ப்யூட்டர், மொபைல் வாங்கி விற்கிறவன். கடை அகலம் அவன் இரண்டு கையை நீட்டினால் முடிந்துவிடும். ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். இனியாவின் காசுக்கு எது எது வரும் என்று அவன் ஒரு வாரம் தேடினான். யாரோ கழற்றிப் போட்ட கிராபிக்ஸ் கார்டு ஒன்று, அட்டைப்பெட்டி இல்லாத ஒரு பிராசசர், கூடுதல் மெமரிக்கு ஒரு ராம்.

"இங்க பாரும்மா, கார்டு சொருகினா ஓடும். ராமும் அப்டித்தான். இந்த பிராசசர்தான் கொஞ்சம் பேஜாரு. உன் போர்டு பழசு. இது யாருன்னே அதுக்குத் தெரியாது. போர்டுக்குள்ள இருக்கற புரோகிராம, பயாஸுன்னு சொல்வாங்க, அத்த அப்டேட் பண்ணணும். பென் டிரைவ்ல போட்டுத் தரேன், பழைய பிராசசர் இருக்கறப்பவே ஏத்திடு. பத்து நிமிஷ வேல."

"அவ்ளோதான பாய்?"

"அவ்ளோதான் இல்ல. அந்தப் பத்து நிமிஷத்துல கரண்ட் போச்சுன்னு வெச்சிக்கோ, போர்டு செங்கல்லு. ஒரு விளக்குகூட எரியாது. யூ.பி.எஸ். இருக்குதா?"

"இருக்குது. பேட்டரி செத்துடுச்சு."

"புதுசு போட்டுக்கோ."

"பேட்டரி போட்டா ராம் வாங்க முடியாது."

சாகில் தாடியைச் சொறிந்துகொண்டான். "சிஸ்டத்த இங்க தூக்கினு வந்துடு. நான் பண்ணித் தரேன்."

"நாளைலருந்து ரோடு அடைச்சிடுவாங்க. ஆட்டோ, பைக்கு எதுவும் வுடமாட்டாங்க. எப்டி தூக்கினு வர்றது? கரண்ட் போகாத நாளா பாத்து நானே பண்ணிக்கறேன்."

"நம்ம ஊர்ல அப்டி ஒரு நாளு இருக்குதா?"

"இருக்குது பாய். தீபம்."

சாகில் சிரித்துவிட்டான். "அத்த நான் யோசிக்கல பாரு. அன்னிக்கு ஈ.பி.காரங்க கம்பத்துக்குக் கம்பம் நிப்பாங்க. ஒரு செகண்டு போகாது."

இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது இந்த மலையடிவாரத்தில்தான். அன்று சாயந்திரம் ஊரே என்ன செய்யும் என்பது இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை. புத்திசாலிகள் கோட்டை விடுவது எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான்.

தீபத்துக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. சாயந்திரத்திலிருந்து கரண்ட் நாலு முறை போனது. இனியா பென் டிரைவை வைத்துக்கொண்டு காத்திருந்து, வாய்க்குள் திட்டிவிட்டுப் படுத்தாள். விடிவதற்குள் ஜோதியம்மாள் எழுப்பிவிட்டாள். தீபத்தன்று விடுதிகளில் ஒரு கட்டில்கூடக் காலி இருக்காது. வழக்கமாக ஆட்டுகிற மாவைப்போல மூன்று பங்கு வேண்டும். ஊறின அரிசியையும் உளுந்தையும் கிரைண்டர் குண்டானில் அள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து, பொங்கி வரும் உளுந்தைக் கையால் தள்ளிவிட்டு, வழித்து, உப்புப் போட்டுக் கலந்து, வாளியில் நிரப்பி மூடுவது. ஒரு ஈடு முடிந்தால் அடுத்த ஈடு. ஜவுளிக்கடை அன்று லீவு. லீவு என்றால் இனியாவுக்கு முழங்கை வரைக்கும் மாவு.

வண்டி போகாததால் கலையரசனுக்கும் லீவு. அவன் எழுந்து, குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, முன்பக்கத் தகரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தான். அவன் தலைக்கு மேலேதான் மீட்டர் பெட்டி. அதற்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டிகள் மூன்று. வீட்டுக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, போர்வெல் மோட்டாருக்கு ஒன்று.

பதினோரு மணிக்குக் கிரைண்டர் பியூஸ் போனது.

"இனியா, பியூஸ் போச்சுடி!" ஜோதியம்மாள் கத்தினாள்.

இனியா மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கருகின கம்பியைச் சுரண்டி எறிந்து, புதுக் கம்பி சுற்றி மாட்டினாள். பத்து வயதிலிருந்து செய்கிற வேலை. ஸ்டூலுக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கலையரசன் முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தான். கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை.

மத்தியானம் பாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கு ஆள் "அண்ணாமலையாருக்கு அரோகரா" சொல்லிக்கொண்டு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலால் சேற்றை மிதித்துக்கொண்டு போனார்கள். மழை விட்டு வெயில் வந்தது, வெயில் போய்த் தூறல் வந்தது. எதிர் வீட்டில் சக்கரைப் பொங்கல் தொன்னையில் போட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். கலையரசன் போய் இரண்டு தொன்னை வாங்கி வந்து, இரண்டையும் தானே தின்றான்.

கடைசி ஈடு முடிந்து கிரைண்டர் நின்றபோது மணி ஐந்தரை. விடுதிக்காரர்கள் தலைச்சுமையாக வாளிகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். இனியா கையைக் கழுவினாள், முகத்தைக்கூடக் கழுவவில்லை. உள்ளறைக்குப் போனாள். கட்டிலின் மேல் கம்ப்யூட்டர் பெட்டி பக்கவாட்டுத் தகடு கழற்றிக் கிடந்தது. காலையிலேயே கார்டையும் ராமையும் மாட்டிவிட்டாள். பென் டிரைவைச் சொருகும்போது கலையரசன் வாசலில் வந்து நின்றான். கையில் எட்டு பிளக் போடும் எக்ஸ்டென்ஷன் பலகை.

"அந்த பிளக்க வுடு. எனுக்கு வேணும்."

"எதுக்கு?"

"சார்ஜ் போடறதுக்கு. ஜனங்க போனு போனுன்னு அலையறாங்க. போனுக்கு இருவது ரூபா வாங்கலாம். வெளிய இருக்கற பிளக்கு லூசு. உள்ளருந்து ஒயரு இழுக்கறேன்."

"முடியாது. நான் அப்டேட் போடப்போறேன். பத்து நிமிஷம் யாரும் எதுலயும் கைவெக்கக் கூடாது."

"பொம்ம சுடறதுக்கு இன்னாடி அப்டேட்டு? ஒருத்தன் நாலு காசு சம்பாரிக்கலாம்னா வுட மாட்டேன்றியே. போனஸு பூரா கொண்டும்போயி சாயிபு கடைல கொட்டிட்டு வந்து நிக்கற. அம்மா தோள்வலிக்கு ஆஸ்பத்திரி போணும்னு எத்தினி மாசமா சொல்லிக்கினு இருக்குது?"

இனியாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"அம்மா தோள்வலியப் பத்தி நீ பேசறியா? காலைலருந்து எத்தினி வாளி தூக்கின நீ? ஒண்ணு? அர? உன் வண்டித் தவண அம்மா மாவு ஆட்டித்தான கட்டுது? நான் சம்பாரிச்ச போனஸு, நான் எதுலயோ கொட்டுவேன். வெளிய போடா!"

"டா"வா? என்று அவனுக்குக் கண் சிவந்தது. "இன்னாடி வாய் நீளுது? மெயினயே புடுங்கி வுட்டா என்ன பண்ணுவ?"

"எவன் கை வெக்கிறானோ அவன் கைய ஒடிச்சிடுவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காத. ஒடிச்சிடுவேன்."

அடுப்படியிலிருந்து ஜோதியம்மாள் கத்தினாள். "நல்ல நாளும் அதுவுமா இன்னாடா அங்க? ஊரு ஜனமே சாமி கும்பிடப் போவுது, இதுங்க ரெண்டும் அடிச்சிக்கினு சாவுதுங்க! கலை, நீ வெளிய வா. அவ எதுனா பண்ணிட்டுப் போறா வுடு."

கலையரசன் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். இனியா கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டனை அமுக்கினாள். ஐந்து ஐம்பத்து மூன்று. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மெல்ல நீள ஆரம்பித்தது. 'மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்' என்று சிவப்பில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பதினொரு சதவிகிதம். பதினாலு. அறைக்கு வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். அவனை நம்ப முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பிளக்கில் கை வைத்தாலும் வைப்பான்.

பூட்டிவிட்டு நின்றாள். உள்ளே கோபம் அடங்கவில்லை. அவனைக் கேட்க மறந்துபோன கேள்விகள் ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்கு வந்துகொண்டிருந்தன. போன வருஷம் என் மோதிரத்தை எடுத்துப் போய் அடகு வைத்தாயே, அது எங்கே? என் கல்யாணத்துக்கு என்று அம்மா கட்டிய சீட்டை எடுத்து டயர் மாற்றினாயே, அது எங்கே? சண்டை முடிந்த பிறகுதான் நல்ல பதில்கள் வரும். அவள் அந்தப் பதில்களோடு அடுப்படி வாசலில் நின்று, அவன் பின்னந்தலையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

பாதையில் சட்டென்று இரைச்சல் அடங்கியது. லட்சம் பேரும் மலையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்தது.

"ஏய், ஆறாச்சுடி! மெயின எறக்கு!" ஜோதியம்மாள் அகல் தட்டைத் தூக்கிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

மலைமேல் தீபம் தெரிகிற வரைக்கும் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் விளக்கு எரியக்கூடாது. மலையில் முதலில், அப்புறம்தான் மனுஷன் வீட்டில். ஒவ்வொரு சுவிட்சாகத் தேடி அணைப்பது யார் என்று மெயினையே இறக்கிவிடுவார்கள். ஏழு வயதில் அப்பா அருணகிரி இடுப்பில் தூக்கிப் பிடிக்க, கைப்பிடியை இழுத்த நாளிலிருந்து இந்த வீட்டில் அது இனியாவின் வேலை. பதினேழு தீபம் அவள் கைதான் இறக்கியது.

பதினெட்டாவது தடவையும் இறக்கியது. அம்மா கூப்பிட்டதும் கால் ஓடியது. கலையரசன் முழங்காலை ஒதுக்கிக் கொடுத்தான். ஸ்டூல் தேவைப்படவில்லை, எட்டி இழுத்தாள். டொக்கென்று வீடு இருண்டது.

மலை உச்சியில் ஒரு பொட்டு நெருப்பு தெரிந்தது. அசைந்தது, நிமிர்ந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று பாதை முழுக்க ஒரே குரலாக எழுந்தது. ஜோதியம்மாள் கையைத் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். இனியாவும் கையைக் கூப்பினாள். கூப்பின கை பாதியில் நின்றது.

அவள் திரும்பி உள்ளறைக் கதவைப் பார்த்தாள். கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. நாற்பது சதவிகிதம் வந்திருக்குமா? ஐம்பது? எத்தனை வந்திருந்தால் என்ன.

"ஐயோ" என்றாள். அரோகராவில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கலையரசனுக்குக் கொஞ்சம் நேரம் கழித்துப் புரிந்தது. புரிந்ததும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "ஏய்... உள்ள அப்டேட்டு ஓடிக்கினு இருந்துச்சில்ல? யாரு கைய ஒடிக்கப்போற? ஒடிச்சிக்கோ, ஒடிச்சிக்கோ!"

"இன்னாடா சிரிப்பு?" என்றாள் ஜோதியம்மாள்.

"உம் பொண்ணு போனஸுக்கு அவளே கொள்ளி வெச்சிட்டா."

"நான்தானடி கூப்ட்டேன்" என்றாள் ஜோதியம்மாள் மெதுவாக. "எனுக்கு இன்னா தெரியும்? வருசா வருசம் கூப்புடுறதுதான? வாயி தானா கூப்ட்டுடுச்சு."

இனியாவின் போன் அதிர்ந்தது. தென்றல்.

"முடிஞ்சிச்சா? ஓடுதா?"

"இல்ல. போர்டு போயிடுச்சு. நாளைக்கு நான் வரல. வேற ஆள சேத்துக்க."

"ஏய், இன்னாடி சொல்ற? எப்டி போச்சு? யாரு பண்ணாங்க?"

"நான்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான்தான். அவள் மீட்டர் பெட்டியைப் பார்த்தாள். அதற்கு நேர் கீழே நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவன் கையை உயர்த்தியிருந்தால் கைப்பிடி தட்டியிருக்கும். அம்மா அவனைக் கூப்பிடவில்லை. அவனைத் தாண்டி, அடுப்படி வாசலில் நின்றவளைக் கூப்பிட்டாள். இவளும் ஓடினாள். பியூஸ் போனால் இனியா, தண்ணீர் வரவில்லையென்றால் இனியா, வாளி தூக்க இனியா. தன் சொந்தக் காரியம் உள்ளே உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருந்தபோதும், கூப்பிட்ட குரலுக்கு அந்தக் கை ஓடியிருக்கிறது. அவளைக் கேட்கவில்லை. இத்தனை நேரமும் அண்ணன்மேல் இருந்த ஆத்திரம் இப்போது தன் கைமேலே வந்தது, கையிலிருந்து அம்மாமேல், அம்மாவிலிருந்து இந்த வீட்டின்மேல். எரிந்தது. அழுகை வரவில்லை. அழுதிருந்தால் தேவலை.

தெருவில் விளக்குகள் திரும்ப வந்தன. எதிர் வீடு, பக்கத்து வீடு, மூலை வீடு. வாசல்களில் அகல் வரிசை ஏறியது. பொரி உருண்டை வாசம் வந்தது. ஜோதியம்மாள் முதல் அகலை ஏற்றிப் படியில் வைத்தாள்.

"சரி, வுடு. அந்தக் கடக்கார பையன்கிட்ட குடுத்தா சரி பண்ணுவான். தீபம் பாத்தாச்சு, மெயின ஏத்துடி."

இனியா நகரவில்லை.

"இனியா. மெயின ஏத்துன்னேன்."

"ஏத்த மாட்டேன்."

"இன்னாடி இது? நல்ல நாள்ல வீட்ட இருட்டுல போட்டுட்டு நிக்கற? ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"போய் ஏத்தேன்டி" என்றான் கலையரசன். "போன்ல சார்ஜ் இல்ல எனுக்கு."

"நீ ஏத்து."

"இன்னா?"

"உன் தலைக்கு மேலதான இருக்குது. நீ ஏத்து. இல்லாங்காட்டி இருட்டுலயே குந்திக்கினு இரு. பொழுது விடியட்டும், வருசம் போவட்டும், நான் இனிமே இந்த வூட்ல அத்த தொட மாட்டேன்."

ஜோதியம்மாள் சலித்துக்கொண்டு, வலிக்கிற தோளைப் பிடித்தபடி எழுந்தாள். "வுடு, நானே..."

"நீ உக்காரும்மா." இனியா அவள் முன்னால் வந்து நின்றாள். குரல் உயரவில்லை, அதனாலேயே ஜோதியம்மாள் நின்றுவிட்டாள். "காலைல மூணு மணிலருந்து நின்னுக்கினு இருக்கற. உக்காரு. அவன் ஏத்துவான்."

ஜோதியம்மாள் மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு படியில் அகலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதையில் போன ஒரு அம்மாள், "ஏம்மா, இங்க மட்டும் கரண்ட் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் கலையரசன் முறைத்துக்கொண்டு இருந்தான். போன் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தான். போன் டார்ச்சைப் பெட்டிகள்மேல் அடித்தான். மூன்று கைப்பிடிகள். ஒன்றைத் தொட்டான், கையை எடுத்தான். அடுத்ததைத் தொட்டான். இருபத்தெட்டு வருஷமாக அவன் இந்த வீட்டில் இருக்கிறான்.

"இதுல எதுடி மெயினு?" என்று கேட்டான்.

இனியா சொல்லவில்லை. அவன் அம்மாவின் பக்கம் டார்ச்சைத் திருப்பினான்.

ஜோதியம்மாள் அடுத்த அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை.